லாக் டே கரையில் சும்மா இருந்த கதை

ஸ்காட்லாந்து போய்விட்டு வந்தோம் என்றதும் முதலில் கேட்பது "ஸ்கை தீவு போனீங்களா?", அடுத்தது லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்கிற பூதத்தைப் பற்றி, "நெஸ்ஸியைப் பார்த்தீங்களா?". இரண்டும் இல்லை. எடின்பரோ கோட்டைக்கும் போகவில்லை. பெர்த்ஷையரில் லாக் டே என்கிற ஏரியின் தென்கரையில் ஒரு காட்டேஜை வார வாடகைக்கு எடுத்து, நாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பெரும்பாலும் அந்த வீட்டு ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். இதற்கா இங்கிலாந்திலிருந்து அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டால், ஆமாம், இதற்குத்தான்.

நம் ஆட்கள் செல்ஃப் கேட்டரிங் காட்டேஜ் எடுத்தாலும் அதை லாட்ஜாகத்தான் பயன்படுத்துகிறோம். காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பி, மூன்றரை நாலு மணி நேரம் ஓட்டி ஸ்கையைத் தொட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்குத் திரும்பி வந்து படுத்து, மறுநாள் வேறு திசையில் கிளம்புவது. வாரம் முழுக்க ஏரிக்கு முன்னால் வீடு இருக்கும், ஏரியைப் பார்க்க யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அப்படிச் சுற்றுவதென்றால் ஹோட்டலே வசதி, பாத்திரம் கழுவுகிற வேலையாவது மிச்சம். காட்டேஜுக்குக் கொடுக்கிற காசு அந்தச் சமையலறைக்கும் அந்த ஜன்னலுக்கும்தான்.

லாக் டே நீளவாக்கில் கிடக்கிற ஏரி. ஏறக்குறைய 23 கிலோமீட்டர் நீளம், அகலம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஆழமான இடத்தில் 150 மீட்டர். மேற்குக் கோடியில் கில்லின், கிழக்குக் கோடியில் கென்மோர் என்று இரண்டு சின்ன ஊர்கள். கென்மோரில்தான் ஏரித் தண்ணீர் டே ஆறாகக் கிளம்புகிறது, ஸ்காட்லாந்திலேயே நீளமான ஆறு அதுதான். வடகரையோடு A827 என்ற ஒழுங்கான சாலை போகிறது. தென்கரையில் இருப்பது ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத்தடச் சாலை. வீடு தேடும்போது இந்த விஷயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், படுக்கையறை எத்தனை என்பதெல்லாம் அப்புறம். வடகரையில் எடுத்தால் தெற்கு பார்த்த வீடு, நாள் முழுக்க வெயில் (வெயில் இருந்தால்), சாலையும் சுலபம், ஆனால் எதிரே தெரிவது சாதாரணக் குன்றுகள், பின்னால் இருக்கிற பெரிய மலை உங்கள் கண்ணில் படாது. தென்கரையில் எடுத்தால் முன்வாசல் கொஞ்சம் குளிரும், நிழலும் சீக்கிரம் விழும், ஆனால் பென் லாயர்ஸ் மலை முழுசாக எதிரே நிற்கும். எனக்குத் தென்கரைதான். வெயில் வேண்டுமென்றால் போக வேண்டிய நாடே வேறு.

அந்த மலையைப் பற்றி ஒரு கதை உண்டு. உயரம் 1,214 மீட்டர், அடிக்கணக்கில் 3,984. நாலாயிரத்துக்குப் பதினாறு அடிதான் குறைச்சல். இது பொறுக்காமல் 1878-ல் சிலர் மேலே ஏறி உச்சியில் 20 அடி உயரத்துக்குக் கல்லை அடுக்கிவிட்டார்கள், மலை நாலாயிரம் அடி ஆகிவிடும் என்று. வரைபடம் போடுகிறவர்கள் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. கற்குவியலும் இப்போது இல்லை. நாங்கள் போனது மே கடைசியில், அப்போதும் உச்சிக்குப் பக்கத்துப் பள்ளங்களில் பனித்திட்டுகள் தெரிந்தன. என் கணவர் ஒரு நாள் காலையில் ஏறி வந்தார். வடகரையிலிருந்து மேலே போகும் குறுகலான சாலையில் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்தின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கிருந்து பாதை தொடங்குகிறது. நான் போகவில்லை, சோபாவில் உட்கார்ந்து பைனாகுலரில் தேடினேன். ஆள் தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது.

சரி, சமையலறைக்கு வருகிறேன். செல்ஃப் கேட்டரிங் என்றால் அடுப்பு, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், தட்டு, டம்ளர், ஒயின் கிளாஸ் எல்லாம் இருக்கும். ஒயின் கிளாஸ் ஒரு ஊருக்கே போதுமான அளவு இருக்கும். காய் நறுக்க நல்ல கத்தி இருக்காது. எந்த வாடகை வீட்டுக் கத்தியும் தக்காளியை நறுக்காது, நசுக்கத்தான் செய்யும். ஆகவே சொந்தக் கத்தி, குக்கர், அஞ்சறைப்பெட்டி மூன்றையும் காரில் முதலில் ஏற்றுங்கள். அரிசி, பருப்பு, புளி எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. பெர்த் தாண்டினால் பெரிய சூப்பர் மார்க்கெட் எதிர்பார்க்காதீர்கள். அபர்ஃபெல்டியிலும் கில்லினிலும் கோ-ஆப் கடைகள் உண்டு, பால், ரொட்டி, காய்கறிக்குக் குறைவில்லை, ஆனால் கறிவேப்பிலையைத் தேடினால் சிரிப்பார்கள். மது வாங்குகிறவர்களுக்கு ஒன்று, ஸ்காட்லாந்துக் கடைகளில் காலை 10 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் விற்க மாட்டார்கள், சட்டமே அப்படி. வண்டி ஓட்டுகிறவருக்கான மதுவின் வரம்பும் இங்கிலாந்தை விடக் குறைவு, அதனால் ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை தாளிப்பு பற்றி. 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் எல்லா வீடுகளிலும் புகை அலாரங்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்க வேண்டும் என்று சட்டம். ஹாலில் ஒன்று, நடையில் ஒன்று, மாடிக்கு ஒன்று, சமையலறையில் சூட்டை உணர்கிற அலாரம் ஒன்று. ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கும். சமையலறையில் இருக்கிறது சூட்டைத்தான் பார்க்கும், புகையைக் கண்டுகொள்ளாது, ஆகவே நாம் தைரியமாகக் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடுவோம். அந்தக் காரம் கதவு வழியாக நடைக்குப் போய்ச் சேருகிற நேரம்தான் பாக்கி. இரண்டாம் நாள் காலை ரசம் தாளிக்கும்போது வீடு முழுக்க ஒரே நேரத்தில் அலறியது, மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் கம்பளியோடு வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடைக்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறியைப் போட்டுவிட்டுத்தான் கடுகையே எடுத்தோம். ஒரு தடவைகூட மறுபடி அடிக்கவில்லை.

மஞ்சளும் கவனம். வெள்ளைக் கல் மேடை, வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டி, வெள்ளைத் தட்டு என்று எல்லாம் வெள்ளையாகவே வைத்திருப்பார்கள், போகும்போது முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்ள வழி. சாம்பார் கிண்டச் சொந்தக் கரண்டி எடுத்துப் போனேன். எண்ணெயைத் தொட்டியில் கொட்டக் கூடாது, இந்த வீடுகளில் பெரும்பாலும் கழிவுநீர் தோட்டத்திலேயே புதைத்திருக்கிற செப்டிக் டேங்குக்குத்தான் போகும்.

தண்ணீர் விஷயம் அத்தைக்குத்தான் பெரிய அதிர்ச்சி. குளியல் தொட்டியில் பிடித்தால் பால் ஊற்றாத டீ நிறத்தில் நிற்கிறது. "ஏம்மா, இது சாக்கடைத் தண்ணியா?" என்றார். இல்லை. மலையில் இருக்கிற பீட் மண் (செடிகொடிகள் அரைகுறையாக மக்கிப் படிந்த கருத்த மண்) வழியாக ஊறி வரும் ஓடைத் தண்ணீர் அது, பல காட்டேஜ்களுக்கு ஊர்க்குழாய் கிடையாது, தனி ஓடையிலிருந்தே குழாய் போட்டு, வடிகட்டி, புற ஊதா விளக்கு வழியாக விட்டு வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். வீட்டுக்காரர் வைத்திருந்த கோப்பில் இதெல்லாம் எழுதியிருந்தது, படித்துக் காட்டினேன். அத்தை சமாதானம் ஆகவில்லை, கொதிக்க வைத்துத்தான் குடித்தார். ஆனால் அந்தத் தண்ணீரில் தலைக்குக் குளித்தபின் முடி எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதை அவரே இரண்டு முறை சொன்னார். உப்பே இல்லாத மென்னீர், கெட்டிலில் வெள்ளைப் படிவம் கிடையாது, பருப்பும் சீக்கிரம் வெந்துவிடுகிறது.

இட்லி மாவு புளிக்குமா என்ற சந்தேகத்தோடுதான் அரைத்து எடுத்துப் போயிருந்தேன். புளித்தது. பழைய பிரிட்டிஷ் வீடுகளில் சுடுதண்ணீர் உருளை வைத்த ஓர் அலமாரி இருக்கும், துண்டு காயப் போட, ஏரிங் கப்போர்டு என்பார்கள். உருளைக்குப் பக்கத்தில் மாவுச் சட்டியை வைத்து, அடியில் ஒரு பெரிய தட்டும் வைத்துக் கதவைச் சாத்தினேன். காலையில் தட்டில் வழிந்திருந்தது. தட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று, மேல் அடுக்கில் வீட்டுக்காரரின் வெள்ளை விரிப்புகள்.

இனி ஜன்னல். ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது, அங்கே காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான். ஆகவே மழை கில்லின் பக்கமிருந்து ஏரி வழியாகவே நடந்து வரும். முதலில் தூரத்து மேடு ஒன்று காணாமல் போகும். அப்புறம் ஏரியின் அந்தக் கோடி வெளுக்கும். அந்த வெளுப்புக்கு முன்னால் தண்ணீர் மேல் கருத்த கோடு ஒன்று நம்மை நோக்கி நகரும், அது காற்று. கோடு எதிர்க்கரை வெள்ளை வீட்டுக்கு நேராக வந்ததும் கொடியிலிருக்கும் துணியை எடுக்க எழுந்தால் சரியாக இருக்கும், நாலைந்து நாளில் எங்களுக்கு அந்தக் கணக்கு கைவந்துவிட்டது. மழை பத்து நிமிடம் பெய்துவிட்டுக் கென்மோர் பக்கம் போய்விடும், பின்னாலேயே வெயில் அடிக்கும், எதிர் மலையில் ஆடுகள் தனித்தனியாகத் தெரியும். ஒரு காலையில் இதே நாடகம் ஐந்தாறு முறை. வானிலை ஆப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

அதே ஜன்னலுக்கு வெளியே பறவைக்கு வேர்க்கடலை வைக்கிற கம்பிக்கூடை ஒன்று தொங்கியது. செந்நிற அணில் வந்தது. இங்கிலாந்தில் எங்கள் பக்கமெல்லாம் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் நிற அணில்தான், இந்தச் சிவப்பைப் பார்க்கவே முடியாது. காதில் குஞ்சம் மாதிரி மயிர் நிமிர்ந்து நிற்கும், வால் உடம்பை விட வெளுப்பு. கூடையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒரு கடலையை எடுத்து, உருட்டிப் பார்த்து, பிடிக்காமல் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் விராலடிப்பான் (ஆஸ்ப்ரே என்கிற மீன் பிடிக்கும் பருந்து) ஒன்று ஏரி மேல் நின்று நின்று பறந்தது, மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் இங்கே வருகிற பறவை. மீன் பிடித்ததா என்று கேட்காதீர்கள், அத்தை அந்த நேரம் பார்த்து பைனாகுலரை வாங்கிக்கொண்டார்.

வெளியே போகவே இல்லை என்று நினைக்க வேண்டாம். போனதெல்லாம் ஏரியைச் சுற்றியேதான். அக்கர்ன் என்ற குக்கிராமத்திலிருந்து ஓடையை ஒட்டிச் செங்குத்தாக ஏறினால் இருட்டான கல் சுரங்கம் ஒன்று வரும். 1760-களில் அந்தப் பகுதியின் பிரபு தன் விருந்தாளிகளுக்காகக் கட்டியது. உள்ளே கையை நீட்டித் தடவிக்கொண்டு வளைந்து போனால் சட்டென்று வெளிச்சம், எதிரே அருவி. அருவி ஒன்றும் குற்றாலம் இல்லை, ஆனால் இருட்டிலிருந்து வெளிவரும் அந்த ஏற்பாடு அபாரம். ஆளை எப்படி ஏமாற்றுவது என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

கில்லின் பக்கம் டோகார்ட் அருவி, பாலத்தின் மேல் நின்றே பார்த்துவிடலாம், கூட்டமும் அதனால்தான். ஃபோர்ட்டிங்கால் சர்ச் தோட்டத்தில் இருக்கும் யூ மரம் குறைந்தது இரண்டாயிரம் வருடம் என்று கணிக்கிறார்கள், ஐயாயிரம் என்பாரும் உண்டு. பெரிய மரத்தை எதிர்பார்த்துப் போனால் சுவருக்குள் துண்டு துண்டாக நிற்கிற புதர்தான் தெரியும், நடுமரம் எப்போதோ போய்விட்டது. ஆண் மரமாகவே தெரிந்த அதன் ஒரு கிளை 2015-ல் பெண் மரம் போலப் பழம் விட்டது என்பதுதான் எனக்கு அதில் பிடித்த செய்தி.

நேரம் ஒதுக்க வேண்டியது கிரானாக் மையத்துக்கு. கிரானாக் என்றால் தண்ணீருக்குள் கால் நட்டு அதன்மேல் கட்டிய வட்ட வீடு, இரும்புக் காலத்து ஆட்கள் குடும்பமாகவும் ஆடுமாடுகளோடும் இருந்தது. இந்த ஒரு ஏரியிலேயே பதினெட்டு இடங்களில் மிச்சங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை முக்குளிப்பவர்களை வைத்து 1980-லிருந்து தோண்டினார்கள். குளிர்ந்த, பீட் கலந்த தண்ணீர் எதையும் மக்கவிடாது என்பதால் மரக்கட்டை, விதை, துணி எல்லாம் அப்படியே கிடைத்தன. அதில் ஒரு மரப்பாத்திரம், 2,500 வருடத்துக்கு முந்தையது, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது வெண்ணெய். பழசைப் பார்த்துக் கட்டியிருந்த மாதிரி கிரானாக் 2021 ஜூனில் தீப்பிடித்து எரிந்துபோனது. விடவில்லை, எதிர்க்கரையில் டாலர்ப் என்ற இடத்தில் குடிசைகளோடு ஒரு கிராமமாகவே அமைத்து 2024 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். கட்டையைச் சுழற்றித் தீ மூட்டிக் காட்டினார்கள், அத்தைக்கு அதில் அவ்வளவாக ஆச்சரியம் இல்லை. மாவு அரைக்கிற திருகைக் கல்லைப் பார்த்ததும்தான் நேராகப் போய் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார், சொல்லிக்கொடுக்க வந்த பெண் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

தென்கரைச் சாலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே சின்ன அகலிப்பு இருக்கும், பாஸிங் பிளேஸ். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள், வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே அப்படியே நில்லுங்கள், எதிரில் வருபவர் ஒதுங்கிக்கொள்வார். பின்னால் உள்ளூர்க்காரர் அவசரமாக வந்தால் அவரையும் விட வேண்டும். கை தூக்கி நன்றி சொல்வது கட்டாயம். அதில் வண்டியை நிறுத்திவிட்டு ஏரியைப் போட்டோ எடுப்பதுதான் அங்கே பெரிய பாவம்.

நடப்பதற்கு மட்டும் இங்கிலாந்து மாதிரி பயந்து பயந்து போக வேண்டாம். 2003-ல் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் பொறுப்போடு நடமாட யாருக்கும் உரிமை உண்டு, வீட்டுத் தோட்டமும் பயிர் நிற்கும் நிலமும் தவிர. வேலிக்கதவை இருந்தபடியே விட்டுச் செல்லுங்கள், குட்டி போட்ட ஆடுகள் பக்கம் நாயை அவிழ்க்காதீர்கள். ஏரியில் இறங்கலாம், ஆனால் கோடையிலும் தண்ணீர் சுருக்கென்று குளிரும், கரை தாண்டிச் சட்டென்று ஆழம். பிள்ளைகளை முழங்காலோடு நிறுத்திவிட்டேன். மீன் பிடிக்க இடத்துக்காரரின் அனுமதிச் சீட்டு வேண்டும், சால்மன் என்றால் ஞாயிற்றுக்கிழமை பிடிக்கவே கூடாது.

மிட்ஜ். இதைச் சொல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னப் பூச்சி, மே கடைசியில் தலைகாட்டி செப்டம்பர் வரை இருக்கும். நாம் விடும் மூச்சை வைத்தே தேடி வரும், கடிப்பது பெண் பூச்சி மட்டும். காற்று இல்லாத, ஈரமான, மேகமூட்டமான சாயங்காலம் என்றால் படையாக வரும், அதாவது ஏரி கண்ணாடியாக நின்று வெளியே உட்காரச் சொல்கிற அதே நேரம். கொஞ்சம் காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது. ஆகவே திண்ணைப் பேச்சுக்குக் காற்றடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள், பூசிக்கொள்ள ஸ்மிட்ஜ் என்ற மருந்து அந்தப் பக்கக் கடைகளிலேயே கிடைக்கும். புல்லுக்குள் நடந்து வந்தால் காலில் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள், லைம் நோய் அதில்தான் வருகிறது.

வீடு பிடிக்கும்போது விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், குறுகிய கால வாடகைக்கு விடும் வீடுகளுக்கு ஸ்காட்லாந்தில் இப்போது அது கட்டாயம். துண்டு தருவார்களா, விறகு எவ்வளவு இலவசம், மின்சாரம் வாடகையில் சேர்ந்ததா என்று முன்னாலேயே கேட்டுவிடலாம். பெரும்பாலும் சனி முதல் சனி வரை, நாலு மணிக்குச் சாவி, போகிற நாள் காலை பத்து மணிக்குள் குப்பையைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பள்ளி விடுமுறையில் வாடகை எகிறும், ஆனால் ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுகின்றன, இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அப்போது இன்னும் லீவு. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தேடிப் பார்க்கலாம் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறையாவது ஸ்கை போகலாமே என்கிறார், பேச்சுவார்த்தை நடக்கிறது.